செத்தவர்களின் பணம்

அமெரிக்காவில் மருந்துக் கம்பெனிகளும், மருந்து வியாபாரிகளும் பல கோர்ட்டு வழக்குகளில் சிக்கி, பல வருஷங்களில் 5000 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுப்பதாக ராஜியாகியிருக்கிறார்கள். இப்பணம் எதற்குச் செலவாகவேண்டும் என்பதுதான் இன்றைய கேள்வி.

சங்கதி இதுதான். 1996-ல் பர்டியூ கம்பெனி ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவந்தது. அது அபினி இனத்து வலி மருந்து. கொடிய நோயில் துடிப்பவனுக்கு அம்மருந்து அவசியமே. ஆனால், அது எளிதில் பழக்கமாகாது என்று டாக்டர்களிடம் பொய்ப் பிரசாரம் செய்ததுதான் குற்றம். 2007-ல் அக்கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டிற்று. ஜெயிலுக்குப் போனவர் ஒருவருமில்லை. 2020-ல் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இதற்கிடையில், மாத்திரைக்குப் பழகினவர்களில் பலர் ஹெராயினுக்கும், பிறகு கள்ளத்தனமாய் விற்கப்பட்ட பென்டனிலுக்கும் இரையானார்கள். 2021 முதல் 2023 வரை வருஷம் ஒரு லட்சம் பேருக்கு மேல் போதை மருந்து மிஞ்சிச் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இந்த அபினி இனமே.

2021-ல் மூன்று மொத்த வியாபாரக் கம்பெனிகளும், ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியும் 2600 கோடி டாலர் கொடுப்பதாக ஏற்பாடாயிற்று. மாகாணங்களுக்கும் ஊர்களுக்கும் போகும் தொகையில் 100-க்கு 85 பங்காவது இக்கேட்டைத் தீர்க்கவே செலவாகவேண்டும் என்பது நிபந்தனை.

இந்நிபந்தனை ஏன் வந்தது? 1998-ல் சிகரெட்டுக் கம்பெனிகள் 46 மாகாணங்களுக்கு 25 வருஷத்தில் 20,600 கோடி டாலர் கொடுக்க ஒப்பின. அதில் புகைப்பதைத் தடுக்கச் செலவானது சொற்பமே. பெரும்பகுதி பட்ஜெட்டு ஓட்டைகளை அடைக்கவும், வேறு காரியங்களுக்கும் போய்விட்டது. அந்தப் புத்தி வந்த பிறகும், இன்று சில ஊர்களில் இப்பணத்தில் போலீசுக்கு மோட்டார் வாங்கியிருக்கிறார்கள்! வீடு எரிந்ததற்கு வந்த நஷ்டஈட்டில் வாணவேடிக்கை விடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

செய்யவேண்டிய காரியம் கண்ணெதிரே இருக்கிறது. அபினி இன மருந்து மிஞ்சினால் மூச்சு அடங்கிச் சாவு வருகிறது. நலாக்ஸோன் என்ற மருந்தை உடனே மூக்கில் பீச்சினால் மூச்சு திரும்புகிறது. டாக்டர் வேண்டியதில்லை, தாயோ, சிநேகிதனோ, வழிப்போக்கனோ செய்யலாம். 2023-ல் டாக்டர் சீட்டில்லாமலே அதை விற்க அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. மெத்தடோன், பூப்ரனார்பின் என்ற மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தால் சாவு வெகுவாய்க் குறைகிறது என்பதும் ருஜுவான விஷயம்.

"இப்படிக் காப்பாற்றினால் இன்னும் துணிந்து தின்பார்களே, பாவிகள், பலனை அனுபவிக்கட்டுமே" என்று சில ஒழுக்கவாதிகள் கேட்கிறார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: செத்தவன் திருந்துவானா? உயிரோடிருந்தாலன்றோ திருந்துவதற்கு வழி? டாக்டர் சொன்னதை நம்பி மாத்திரை விழுங்கினவன் பாவி, பொய் சொல்லி விற்றவன் கனவான் என்றால், இது என்ன நியாயம்?

2024-ல் சாவு சுமார் 80,000-மாகக் குறைந்தது. அதைச் சாக்காக வைத்துக் கையைச் சுருக்குவது மடமை. இப்பணம் மந்திரிகளின் சொத்தல்ல, செத்தவர்களின் விலை. ஆகையால், ஒவ்வொரு டாலரும் எங்கே போயிற்று என்று ஜனங்கள் பார்க்கும்படி கணக்கு வெளியிடப்படவேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும், பழக்கத்திலிருந்து மீண்டவர்களும் செலவை முடிவு செய்யும் கமிட்டிகளில் உட்காரவேண்டும். இல்லையேல், உயிரை விற்றுக் கம்பெனி பிழைத்தது. அந்த விலையைத் தின்று சர்க்கார் பிழைத்தது என்றுதான் ஆகும்.