வகுப்பறையில் மூளைக்கு மதிப்பெண் வேண்டாம்

மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-இல் தொடங்கப்பட்டது. காது கேட்கிறதா என்று பச்சிளங்குழந்தையால் சொல்ல முடியாது. அதனால் தூங்கும் குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ என்ற ஒலியைச் செலுத்திப் பார்க்கிறார்கள் அங்குள்ள செவித்திறன் நிபுணர்கள். செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்துடிப்பு மிக மிக நுண்ணியது. ஆயிரக்கணக்கான முறை ஒலிக்கவிட்டுச் சராசரி எடுத்தால்தான் அது தெரியும்.

இங்கே கேள்வி ஒன்றுதான்: ஒலி மூளைக்குப் போய்ச் சேருகிறதா? விடை முழுக்கக் குழந்தைக்கே பயன்படுகிறது.

கவனத்தை அளக்கும் கருவிகளின் கதை வேறு. 1995-இல் நாசாவின் லாங்லி மையத்தில் ஆலன் போப் குழுவினர் ஒரு சூத்திரம் வகுத்தார்கள். மூளையில் எழும் பீட்டா மின்னலைகளின் வலிமையை ஆல்ஃபா, தீட்டா அலைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது ‘ஈடுபாட்டுக் குறியீடு’. விமானியின் வேலையில் எவ்வளவைத் தானியங்கியிடம் விடலாம் என்ற ஆய்வுக்குப் பிறந்தது அது. பல்லைக் கடித்தாலே தசைகளின் மின்னோட்டம் பீட்டாவோடு கலந்துவிடும். ஒரு மாணவி கணக்கில் மூழ்கியிருக்கிறாளா, பயத்தில் உறைந்திருக்கிறாளா என்று அந்த எண் சொல்லாது.

ஆனாலும் மூளை அலைகளால் கவனத்தை அளப்பது பள்ளிக்குள் நுழைந்தது. 2019-இல் சீனாவின் ஜின்ஹுவா பகுதியில் தொடக்கப் பள்ளி மாணவர்களின் நெற்றியில் மூளை அலைகளை அளக்கும் ‘பிரெய்ன்கோ’ நிறுவனத்தின் பட்டைகள் ஏறின. கவன அளவு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் போனது. எதிர்ப்பு வெடித்ததும் அதிகாரிகள் அவற்றை நிறுத்தினார்கள்.

நம் நாட்டில் குற்ற விசாரணையில் மூளை அலைப் பதிவு ஏற்கெனவே புகுந்திருந்தது. புனே நீதிமன்றம் 2008-இல் ஒரு கொலை வழக்கில் அதையும் சான்றாக ஏற்றுத் தண்டனை விதித்தது. இரண்டே ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் குறுக்கே நின்றது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி இத்தகைய சோதனை நடத்துவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2010 மே 5-இல் தீர்ப்பளித்தது.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள இந்தக் காப்பு, கணக்குப் பாடம் கேட்கும் பத்து வயதுச் சிறுமிக்கு வேண்டாமா? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடை செய்கிறது. ஆனால் 2025-இல் வெளியான விதிகள், கல்விப் பணிக்காகக் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு தருகின்றன. நெற்றிப்பட்டை விற்பவருக்கு அந்த இடைவெளி போதும்.

மூளை அலைகள் அந்த விலக்கில் அடங்காது என்று மத்திய அரசு விதியிலேயே எழுத வேண்டும். மருத்துவத் தேவைக்காக, பெற்றோர் சம்மதத்தோடு நடக்கும் சோதனைகளுக்கு இதனால் எந்தத் தடையும் வராது. கருவிகள் பள்ளி வாசலுக்கு வருமுன் இந்தத் திருத்தம் வர வேண்டும்.