முன்னாசனமும் பின்னாசனமும்

புங்குடுதீவிலே கடல் கடந்த உறவு ஒன்றேனும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ரொறன்ரோவில் மகன், பாரிசில் மகள், சூரிச்சில் பேரப்பிள்ளைகள் என்று ஒரே குடும்பம் மூன்று கண்டங்களிற் பரந்து வாழ்கின்றது. வாணர் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய்வருவதையே பெரும் பிரயாணமாக எண்ணியிருந்த தாய்மார், இன்று பேரப்பிள்ளையின் முகங்காண ஒரு பகலும் ஓர் இரவும் பிரயாணஞ் செய்யத் துணிகின்றனர். சீட்டு வாங்கிய சில நாட்களில் மகனிடமிருந்து தொலைபேசி வருகின்றது. "அம்மா, கொஞ்சக் காசு கூடக் கட்டினால் முன்னுக்குப் பெரிய சீற் தருவாங்களாம். மாத்தி விடட்டே?" தாயின் மறுமொழியும் நாம் அறிந்ததே: "எனக்கேன் ராசா உந்த வீண் செலவு?" மகன் அன்பினாற் பேசுகின்றான், தாய் சிக்கனத்தினாற் பேசுகின்றாள். அந்தக் 'கொஞ்சக் காசு' எவ்வாறு நிர்ணயிக்கப்படுகின்றது என்பதை இருவருமே அறியார். இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

வகுப்பு என்றதும் எமக்குக் கரும்பலகை நினைவுக்கு வருவது தொழிற் பழக்கம். பிரயாணத்தில் வகுப்பு என்பதை எம்மவர் முதலில் அறிந்தது புகையிரதத்திலேதான். முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பெட்டிகளை ஒரே இயந்திரமே இழுக்கின்றது; யாவும் ஒரே நேரத்திலேயே கொழும்புக் கோட்டையைச் சேர்கின்றன. அவ்வாறாயின் கட்டணத்தில் இத்துணை வேறுபாடு ஏன்? பிரான்சு தேசத்தில் ஒரு காலத்தில் மூன்றாம் வகுப்பு வண்டிகளுக்குக் கூரையே இருக்கவில்லை. ஜூல் டுப்புயி என்னும் பொறியியலாளர் 1849ஆம் ஆண்டில் இதற்குக் கூறிய காரணம் இன்றும் பொருளியல் மாணவர் படிக்கத்தக்கது. கூரை போடுவதற்கு ஆகுஞ் செலவு சொற்பம். ஏழையை வருத்த வேண்டுமென்பதும் கம்பனியின் எண்ணமன்று. இரண்டாம் வகுப்புக்குப் பணங் கொடுக்கக் கூடியவன் மூன்றாம் வகுப்புக்கு நழுவிவிடாதபடி அவனை அச்சுறுத்தவே கூரை விலக்கப்பட்டது என்பது அவர் கண்ட உண்மை. மழையில் நனைந்தவன் ஏழை. பாடம் புகட்டப்பட்டவனோ பணக்காரன்!

விமானத்தில் இன்று காணும் வகுப்புகள் ஒரே நாளில் உண்டானவையல்ல. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்களில் 1952ஆம் ஆண்டில் உல்லாசப் பிரயாணிகளுக்கெனக் குறைந்த கட்டண வகுப்பொன்று வந்தது. 1958இல் அதனினுங் குறைந்த 'எக்கொனமி' வகுப்பு வந்தது. எழுபதுகளின் இறுதியில் வணிகருக்கான 'பிஸ்னஸ்' வகுப்பும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே 'பிறீமியம் எக்கொனமி'யும் தோன்றின. முதலாம் வகுப்பு இப்போது சில நிறுவனங்களில் மாத்திரமே எஞ்சியுள்ளது.

அளவைச் சொன்னால் வேறுபாடு விளங்கும். எக்கொனமியில் ஓராசனத்துக்கும் அதற்கு முன்னுள்ள ஆசனத்துக்கும் இடையில் பெரும்பாலும் 31 அல்லது 32 அங்குலம். பிறீமியத்தில் ஏறக்குறைய 38 அங்குலம். இது கால் நீட்டும் இடைவெளியன்று. ஒரு முதுகிலிருந்து மறு முதுகு வரையுள்ள அளவு. நீண்டதூர பிஸ்னஸ் வகுப்பிலோ ஆசனமே கட்டிலாக விரிகின்றது. ஐந்தடி உயரமுள்ள ஆச்சிக்கு ஆறு அங்குலம் கூடுவதால் விளையும் நன்மை சிறிது. ஆறடி வளர்ந்த பேரனுக்கு அது பெரிது. ஆச்சிக்கு உண்மையில் வேண்டுவது நீட்டிப் படுப்பதற்கு ஓரிடம். அது பிஸ்னசில்தான் உண்டு. அதற்கு எக்கொனமியைப் போல் மூன்று நான்கு மடங்கு கட்டணம் கேட்பது சாதாரணம்.

இனி விலைக்கு வருவோம். விமான ஆசனம் மீனைப் போன்றது. மாலையில் விற்காத மீனைப் போலவே, விமானம் எழுந்தபின் வெற்றாசனத்துக்கு விலையில்லை. ஆயினும் ஒரு பெரும் வேறுபாடுண்டு. சந்தையில் பொழுது சாயச் சாய மீனின் விலை இறங்கும். விமானத்திலோ புறப்படும் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். கடைசி நேரத்தில் வருபவன் போயே ஆகவேண்டியவன் என்பது கம்பனியின் கணக்கு. அவன் வியாபாரத்துக்காக ஓடுபவனா, தகப்பனுக்குக் கொள்ளி வைக்க ஓடிவருபவனா என்பதைக் கணக்கு இயந்திரம் அறியாது. இவ்வூர்ச் சாவீடுகளுக்கு இரவோடிரவாக வந்து சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அவ்விலையைக் கொடுத்திருப்பர்! அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் விமானக் கட்டணங்கள் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை நீக்கியபின், கணிப்பொறியின் துணையுடன் இம்முறை உலகெங்கும் பரவிற்று. ஒரே வரிசையில் அருகருகே இருப்பவர்கள் வெவ்வேறு விலை கொடுத்திருப்பதற்கும் இதுவே காரணம். எக்கொனமி என்னும் ஒரே வகுப்புக்குள்ளேயே ஆங்கில எழுத்துகளாற் குறிக்கப்படும் பல விலைப்படிகள் உள்ளன. சீட்டில் அவ்வெழுத்து அச்சிடப்பட்டிருக்கும். மிகக் குறைந்த படியில் வாங்கிய சீட்டைப் பல நிறுவனங்கள் உயர் வகுப்புக்கு மாற்ற இணங்குவதில்லை.

மகன் சொல்லும் 'கூடக் கட்டுதல்' எப்போது வருகின்றதென்றால், முன்புறத்து விலையுயர்ந்த ஆசனங்கள் விற்காது கிடக்கும்போதுதான். அங்கே மாத்திரம் மாலை மீன் கதை பொருந்தும். சில நிறுவனங்கள் குறித்த விலையொன்றைச் சொல்லும்; சில ஏலத்தில் விடும்; சில விமான நிலையத்திலேயே விற்கும். ஏலமென்றதும் கரையிற் கூவி விற்கும் ஏலத்தை நினைத்தல் கூடாது. அங்கே பக்கத்தில் நிற்பவன் கேட்ட விலை எம் செவியில் விழும். இங்கோ யார் எவ்வளவு கேட்டனர் என்பது எவர்க்குந் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு விலை கேட்கின்றோம். ஏற்கப்பட்டவுடன் வங்கி அட்டையிலிருந்து பணம் போய்விடும். பின்னர் மனம் மாறினால் அது திரும்புவது அரிது. கேட்கும் தொகை பெரும்பாலும் ஒருவருக்கு, ஒரு பறப்புக்கு மாத்திரமே உரியது. பொதி நிறை பழைய சீட்டின்படியே நிற்பதும் உண்டு. பனங்கட்டியும் ஒடியல் மாவும் கட்டிக்கொண்டு போகும் எம்மவர் இதனை முன்னரே கேட்டறிதல் அவசியம்.

ஆகவே கூடக் கட்டுவதா வேண்டாமா என்று கேட்பதற்குமுன், எந்தத் துண்டுக்கு என்று கேட்க வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து டுபாய் ஐந்து மணிநேரத்துக்கு உட்பட்டது. டுபாயிலிருந்து ரொறன்ரோ ஏறக்குறைய பதினான்கு மணிநேரம். முதற்றுண்டுக்குக் கட்டும் பணம், சாப்பாடு கொடுத்து முடியுமுன்னரே கரைந்துவிடும். முழங்கால் நோவும் நீரிழிவும் உள்ள ஒருவருக்கு இரண்டாவது துண்டில் மாத்திரம் படுக்கை எடுத்துக் கொடுப்பதை வீண் செலவென்று நாம் சொல்லமாட்டோம். சென்னைக்குப் போவோர்க்கோ இக்கவலையே இல்லை. பலாலியிலிருந்து 2019 நவம்பரில் அலையன்ஸ் எயரும் 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் தொடங்கிய சேவைகள் ஏ.டி.ஆர். 72 என்னும் சிறு விமானங்களில் நடந்தவை. அவற்றில் எல்லோர்க்கும் ஒரே வகுப்பு.

பணத்தால் வாங்க வேண்டியதில்லாத உதவிகளும் உள்ளன. அவற்றைப் பலர் கேட்பதேயில்லை. நடக்க இயலாதோர்க்குச் சக்கர நாற்காலி எவ்வகுப்பினர்க்கும் இலவசம். குறைந்தது 48 மணிநேரத்துக்கு முன் அறிவித்தால், கட்டுநாயக்காவிலும் இடையில் மாறும் நிலையத்திலும் ஆள் வந்து அழைத்துச் செல்வார். மொழி தெரியாத தாய்க்கு அவ்வாளின் துணை, அகன்ற ஆசனத்தினும் பெரிது. நான்கு மணிநேரத்துக்கு மேல் அசையாது இருந்து பிரயாணஞ் செய்வோர்க்குக் காலின் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிக்கின்றது என உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. பேருந்திலும் புகையிரதத்திலும் இருப்பவர்க்கும் இது பொருந்தும். அசையாதிருத்தலே அபாயம்; வகுப்பு அன்று. ஆகவே யன்னலோரத்தை விட்டு நடைபாதையோர ஆசனத்தைக் கேட்டு, இடையிடையே எழுந்து நடந்து, தண்ணீரும் போதிய அளவு அருந்த வேண்டும். முன்னர் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளோர் வைத்தியரைக் கண்டே புறப்படுதல் வேண்டும்.

விரதம் பிடிப்போர், உணவு கட்டணத்துள் அடங்கிய விமானமாயின், ஆசிய மரக்கறி உணவு என்று ஒரு நாளுக்கு முன்னராவது சொல்லி வைக்கலாம். பின்னாசனத்தில் இருப்பவர்க்கும் அதற்குத் தனிக் கட்டணமில்லை. எக்கொனமியில் விசேட உணவு கேட்டவர்க்குப் பெரும்பாலும் மற்றவர்க்கு முன்பாகவே தட்டு வந்துவிடுவதையும் சொல்லி வைக்கின்றோம்.