சர்க்கார் வக்கீல் யாருடைய வக்கீல்?

சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தால் என்ன கேட்பார்? சம்பள உயர்வு கேட்பார். பதவி உயர்வு கேட்பார். உட்கார ஓர் அறை, கட்டுகளை வைக்க ஓர் அலமாரி கேட்பார். அரசு வழக்குரைஞர் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. இந்தக் கோரிக்கைகளை நாம் ஏளனம் செய்யவில்லை. தம் தரப்புச் சாட்சியின் முகத்தையே கோர்ட்டு வாசலில்தான் முதன்முதலாகப் பார்க்கும் நிலை பல அரசு வழக்குரைஞர்களுக்கு உண்டு. ஆனால் கோரிக்கை அதோடு நின்றுவிட்டால் நாட்டுக்கு என்ன லாபம்?

நம் மராட்டிய மாநிலத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1974 ஏப்ரல் முதல் தேதி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வழக்கு நடத்துவோர் போலீசின் கையாளாக இருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். நடந்தது என்ன? பெயர்ப் பலகை மாறியது, பிடி மாறவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் உதவி அரசு வழக்குரைஞர்கள் போலீஸ் துறையின் கட்டுப்பாட்டிலேயே இருந்தார்கள். வழக்குரைஞர்களே உச்சநீதிமன்றம் வரை போனார்கள். ஷஹானே வழக்கில் 1995இல் தீர்ப்பு வந்தது: தனி அமைப்பு வேண்டும், அது போலீசுக்கு அல்ல, நேராக மாநில அரசுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று!

சட்டம் வந்து இருபத்தோராண்டு கழித்துத்தான் இந்தத் தீர்ப்பு. அதையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள் சம்பளத்துக்காகக் கேட்கவில்லை, சுயமரியாதைக்காகக் கேட்டார்கள். புதிய தலைவர் எவராயினும் அவருக்கு இதுவே பாடம்.

போராட்டம் முடிந்ததா? இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, மாவட்டந்தோறும் வழக்கு நடத்தும் இயக்ககம் அமைக்க இடம் தருகிறது. நல்லதுதான். ஆனால் மாநில இயக்குநர் இருப்பது உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில். போலீசும் அதே உள்துறையில்! ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டு, "இந்த விசாரணையில் ஓட்டை இருக்கிறது" என்று ஓர் அதிகாரி துணிந்து எழுத முடியுமா? வேறு கூரை கேட்பதே சங்கத்தின் முதல் குறிக்கோளாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, வழக்கை வாபஸ் வாங்கும் அதிகாரம். சட்டப்படி அந்த முடிவு அரசு வழக்குரைஞருடையது. கோர்ட்டின் அனுமதியும் வேண்டும். நடப்பிலோ, ஆட்சி மாறினால் வழக்குகள் ஆவியாகின்றன. கேரளச் சட்டமன்றத்தில் 2015 மார்ச்சில் நாற்காலிகளும் மைக்குகளும் பறந்தன. பிறகு ஆட்சி மாறியது. வழக்கை விட்டுவிட மனுப் போடப்பட்டது. 2021 ஜூலையில் உச்சநீதிமன்றம் அனுமதி மறுத்தது. அடுத்த மாதமே, எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை உயர்நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாபஸ் பெறக் கூடாது என்றும் ஆணையிட்டது. அரசு வழக்குரைஞர் தாமே "முடியாது" என்று சொல்லியிருந்தால் இந்த ஆணைக்குத் தேவை ஏது? அப்படிச் சொல்லும் ஒருவரைத் தூக்கியடித்தால் பின்னால் நிற்பதற்குத்தானே சங்கம்!

மூன்றாவது, நியமனம். அரசின் சட்ட அதிகாரிகளைத் தகுதி பார்த்து, வெளிப்படையாக நியமிக்க வேண்டும் என்று பஞ்சாப் வழக்கில் 2016இல் உச்சநீதிமன்றம் சொன்னது. கட்சிக்காரர் என்பதற்காகப் பதவி பெற்றவர் கட்சிக்குத்தான் வாதாடுவார்.

இதில் நமக்கென்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிழைக்க வந்த ஊரில் வழக்கில் சிக்கும் தமிழனுக்கு மராத்தியும் புரியாது, இங்கிலீஷும் புரியாது. தனக்கு எதிரான சாட்சியத்தைத் தனக்குப் புரியும் மொழியில் கேட்க அவனுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் பக்கத்தில் நின்று அதை நினைவூட்ட யார் இருக்கிறார்கள்? அரசு வழக்குரைஞர் எழுந்து, "இவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்றால் தண்டனை வாங்கும் வேகம் கொஞ்சம் குறையும், நீதி குறையாது.

தண்டனை எத்தனை வாங்கினோம் என்று கணக்குப் பார்ப்பவர் போலீசின் வக்கீல். ஆட்சியின் முகம் பார்ப்பவர் மந்திரியின் வக்கீல். உண்மையைக் கோர்ட்டின் முன் வைப்பவரே மக்களின் வக்கீல். சங்கத் தலைவர்களே, உங்கள் கோரிக்கைப் பட்டியலில் அலமாரி இருக்கட்டும். ஆனால் அதற்கு மேலே முதுகெலும்பை எழுதுங்கள்!