பிரேக் இல்லாத வண்டியில் ஒரு பதினாறு வயது

மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பனிக்கட்டி வாய்க்கால் ஒன்றில் இறங்க வேண்டும். வண்டிக்கு பிரேக் கிடையாது. ஸ்டியரிங்கும் கிடையாது. கெண்டைக்காலால் சட்டத்தை அழுத்தி, தோளைச் சற்றே தாழ்த்தித்தான் வளைவுகளில் திரும்ப முடியும். தலையைத் தூக்கினால் காற்று தடுக்கும், வேகம் போய்விடும். அதனால் போகிற பாதையையே அரைகுறையாகத்தான் பார்க்க முடியும். விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணக்கு. இதற்கு லூஜ் என்று பெயர். 1998 பிப்ரவரியில் ஜப்பானின் நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக இதில் இறங்கியவர் சிவா கேசவன். வயது 16. அந்த ஒலிம்பிக்கில் களமிறங்கிய ஒரே இந்தியரும் அவர்தான்.

மணாலி அருகே வசிஷ்டில் வளர்ந்த பையன். அப்பா மலையாளி, அம்மா இத்தாலியர். சர்வதேச லூஜ் சம்மேளனம் ஆள் தேடி பஞ்ச்குலாவில் நடத்திய முகாமில்தான் ஆரம்பம். பஞ்ச்குலாவில் பனி ஏது? சக்கரம் பொருத்திய வண்டி, தார்ச் சாலை. அதில் தேறியவர் ஆஸ்திரியாவுக்குப் போய் நிஜப் பனியைத் தொட்டார்.

இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பனித்தடத்தில் ஒரு வளைவில் லேசாகச் சுவரில் உரசினால் இழந்த வேகம் இழந்ததுதான்; மிதித்துப் பிடிக்க எஞ்சினா இருக்கிறது? நகானோ தடம் இன்னும் பொல்லாதது. நடுவே இரண்டு இடங்களில் மேட்டில் ஏறும். அதற்கு முன் செய்த தப்புக்கு அங்கே வட்டியோடு கட்ட வேண்டும். இதையெல்லாம் ஐரோப்பியப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே, வீட்டுக்குப் பக்கத்துத் தடத்தில் நூற்றுக்கணக்கான முறை சறுக்கித் தெரிந்துகொள்கிறார்கள். கேசவனுக்குக் கிடைத்தது சில மாதங்கள். வண்டியும் இரவல்.

ஜெர்மனியின் கியார்க் ஹாக்ல் தொடர்ந்து மூன்றாவது தங்கம் வாங்கிய அந்தப் போட்டியில் கேசவனுக்கு 28ஆவது இடம். நம் ஊரில் இதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் இந்த எண்ணை இன்னொரு எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு ஒலிம்பிக்குகளில் அவருடைய மிகச் சிறந்த இடம் 25. அது 2006இல், டூரினில். எட்டு வருடத்தில் மூன்றே படிகள். முதல் சீசனில் ஒரு சிறுவன் துணிச்சலால் எட்டிய இடத்திலிருந்து மேலே போக, துணிச்சல் மட்டும் போதாது. பயிற்சித் தடம், பயிற்சியாளர், பணம் எல்லாம் வேண்டும். இந்தியாவில் தடமே இல்லை. ஆகவே உலகப் புகழ் பெற்ற பிறகும் அவர் இமாலயச் சாலைகளில் லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையே சக்கர வண்டியில் சறுக்கிக்கொண்டிருந்தார்.

2011இல் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார், அதே நகானோ தடத்தில். 2014இல் சோச்சியில், இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால், தேசியக் கொடி இல்லாமல் சறுக்கினார். கடைசி ஒலிம்பிக் 2018இல். அர்ஜுனா விருது கைக்கு வந்தது 2020இல்.