வார்டனின் அலமாரியில் செல்போன்

பல நர்சிங் கல்லூரிகளில் செல்போனுக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று வார்டில், மற்றது விடுதியில். இரண்டையும் ஒரே மூச்சில் நியாயப்படுத்துகிறார்கள். முதலாவது சரி, இரண்டாவது வேறு விஷயம்.

வளையல் கூடாது, நகம் வளர்க்கக் கூடாது என்று சொல்லித்தரும் துறை இது. கட்டிலுக்குக் கட்டில் போகிற கையில் போனை அது எப்படி ஏற்கும்? ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் திரையில் நாள்கணக்கில் உயிரோடிருக்கக்கூடியவை. கழுவிய கையால் அதே போனைத் தொட்டால் கழுவியது வீண். படமெடுப்பது இன்னும் மோசம். சீருடையில் ரீல்ஸ் போடுகிறவர்களுக்குப் பின்னால் தெரியும் கேஸ் ஷீட் கண்ணில் படுவதில்லை.

ஆனால், மாணவி வார்டில் பார்ப்பதென்ன? டியூட்டி டாக்டர் மருந்து மாற்றத்தை வாட்ஸ்அப்பில் சொல்கிறார். ஸ்டாஃப் நர்ஸ் லேப் ரிசல்ட்டைப் படமெடுத்து அனுப்புகிறார். போஸ்டிங்கில் இருக்கும் பெண் மட்டும் கழிவறையில் ஒளிந்து மருந்தளவைத் தேடுகிறாள். 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற, மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. இதை மனக்கணக்காகப் போடத் தெரிந்தே ஆக வேண்டும். போட்டதைச் சரிபார்ப்பதுமா குற்றம்?

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் மாற்றியமைத்த பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் சுகாதாரத் தகவல் தொழில்நுட்பம் ஒரு தனிப் பாடம். வேலைக்குப் போனதும் கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசிக் கணக்கு எல்லாம் இணையத்தில்தான்.

விடுதியில் நோயாளி யாரும் இல்லை. அங்கே போனைப் பூட்டி வைப்பது பெண் பிள்ளைகள் மீதான கண்காணிப்பு, அவ்வளவுதான். (பெற்றோர் பலர் இந்த விதியை விசாரித்துவிட்டே சேர்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.) கேரளத்தில் ஒரு கல்லூரி மகளிர் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை போனுக்கு இருந்த தடையை மாணவி ஒருவர் எதிர்த்தார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று 2019-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விடுதி அலமாரியைத் திறந்துவிடலாம். வார்டில் தடை இருக்கட்டும். மருந்து விவரம் பார்க்க நர்சிங் ஸ்டேஷனில் பொதுவாக ஒரு டேப்லெட் வைக்கலாம். போனை எப்படித் துடைப்பது, எதைப் படமெடுக்கக் கூடாது என்பதை முதல் போஸ்டிங்குக்கு முன்பே செய்முறையாகக் கற்றுத் தரலாம். அந்த வகுப்பில் டியூட்டி டாக்டர்களையும் உட்கார வைத்தால் நல்லது.