பூஞ்சையை அகற்றும்போது வீட்டிலேயே இருக்கலாமா?

படுக்கையறைச் சுவரில் கறுப்புப் புள்ளிகள். அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் இன்னும் பெரிய திட்டு. பூஞ்சை அகற்றும் நிறுவனத்தைக் கூப்பிட்டாச்சு. நாளைக்கு வருகிறார்கள்.

அப்போதுதான் கேள்வி வரும். வேலை நடக்கும்போது நாம எங்கே இருப்பது? பாட்டி, கைக்குழந்தை, வீட்டிலிருந்து வேலை செய்பவர் எல்லாரும் ஒரே வீவக வீட்டில் இருந்தால் இது சின்னக் கேள்வி இல்லை.

பலரும் நிறுவனத்திடம் முதலில் கேட்பது, "என்ன மருந்து அடிப்பீங்க?" கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று: "சுரண்டும்போது கிளம்பும் தூசு எங்கே போகும்?"

தூசில் என்ன இருக்கிறது?

பூஞ்சை வித்துகள். சுவரைச் சுரண்டும்போதும், ஊறிப்போன பலகையைப் பெயர்க்கும்போதும் அவை ஒரே நேரத்தில் ஏராளமாகக் காற்றில் கலக்கும். வீடு சுத்தமாவதற்குச் சற்று முன்புதான் காற்று ரொம்ப மோசமாக இருக்கும் என்று சொல்லலாம்.

மருந்தடித்துக் கொன்றுவிட்டால் போதும் என்பதும் சரியில்லை. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும். அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, ப்ளீச் போன்ற ரசாயனங்களை வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைப்பதில்லை. பூஞ்சையை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்கிறது. "நச்சில்லாத மருந்து" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி ஹாலில் உட்கார்ந்திருப்பது அவ்வளவு நல்ல யோசனை அல்ல.

அப்போ, இருக்கலாமா கூடாதா?

பூஞ்சை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 10 சதுர அடிக்குள், அதாவது ஏறக்குறைய 3 அடிக்கு 3 அடி இருந்தால், பெரும்பாலும் வீட்டுக்காரரே துடைத்துவிடலாம் என்கிறது அதே அமைப்பு. 100 சதுர அடியைத் தாண்டினால் அந்தப் பகுதியை முழுமையாக அடைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். படுக்கையறையின் ஒரு சுவர் முழுக்கப் பரவியிருந்தாலே ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும்.

அடைப்பது என்றால் கதவைச் சாத்துவது மட்டும் அல்ல. தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் வாசலை மூடி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுவார்கள். ஹெப்பா வடிகட்டி பொருத்திய விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே காற்றழுத்தம் குறைவதால் தூசு நம் பக்கம் வராது. விசிறி ஓடும்போது விரிப்பு உள்பக்கமாகக் குழிந்திருந்தால் அடைப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் பக்கம் புடைத்திருந்தால் உடனே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் காற்று ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் நடக்கும் தாழ்வாரத்துக்கு அல்ல.

இதில் நமக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டமும் உண்டு. அமெரிக்க வீடுகளில் ஒரே குழாய்வழி எல்லா அறைகளுக்கும் குளிர்காற்று போகும், வித்துகளும் கூடவே போகலாம். நம் வீவக வீடுகளில் பெரும்பாலும் ஒவ்வோர் அறைக்கும் தனி ஏர்கான். அது அந்த அறையின் காற்றையே சுற்றவிடுகிறது. ஆனால் வேலை நடக்கும் அறையில் ஏர்கானும் மின்விசிறியும் ஓடவே கூடாது.

வீட்டிலேயே இருக்க நினைத்தால் முதல் நாளே ஒரு தடவை நடந்து பாருங்கள். அடைப்பைத் தாண்டாமல் கழிவறைக்கும் சமையலறைக்கும் வாசலுக்கும் போக முடிகிறதா? பெரிய படுக்கையறையில் வேலை என்றால் சமையலறைப் பக்கக் கழிவறை கைகொடுக்கும். ஒரே கழிவறை உள்ள ஈரறை வீட்டில், அங்கேயே வேலை என்றால், வெளியே தங்குவதுதான் நடைமுறை.

மருந்தைப் புகைபோல் பரப்பும் முறை என்றால் பேச்சே இல்லை. மனிதர், பூனை, மீன்தொட்டி எல்லாம் வெளியே. எப்போது திரும்பலாம் என்பது மருந்தின் லேபிளில் இருக்கும். லேபிளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

யார் கட்டாயம் கிளம்ப வேண்டும்?

கைக்குழந்தைகள், ஆஸ்துமா அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள். சிறிய வேலையாக இருந்தாலும் இவர்கள் சித்தி வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ ஓரிரு நாள் இருந்துவிட்டு வரட்டும்.

இது வீண் பயம் இல்லை. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020இல் 2 வயதுச் சிறுவன் இறந்தான். வீட்டில் நீண்டகாலம் இருந்த பூஞ்சைதான் காரணம் என 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். அதை ஒரு நாள் வேலையோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் குழந்தை விஷயத்தில் ரிஸ்க் எடுக்கத் தேவையில்லை.

திரும்பி வரும்போது தூசு தெரியக்கூடாது, ஊசல் வாடை இருக்கக்கூடாது, சுவர் காய்ந்திருக்க வேண்டும். ஈரச் சுவர்மீது பூஞ்சைத் தடுப்புச் சாயம் பூசினால் சில மாதங்களில் உரிந்து வந்துவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். வீட்டுக்குள் அது 60க்குக் கீழே இருப்பது நல்லது. காற்றோட்டமில்லாத பாம் ஷெல்டரில் வைத்த காலணிகள் ஏன் வெள்ளையாகப் பூத்துப்போகின்றன என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் திட்டு உட்கூரையில் இருந்தால் மேல்மாடிக் கழிவறையைச் சந்தேகிக்க வேண்டும். வீவக வீடுகளில் இந்தக் கசிவுக்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பு. கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குத் தகுதிபெற்றால், செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்ந்துகொள்வார்கள். கொண்டோமினியத்தில் நிலைமை வேறு. அங்கே சட்டம் மேல்வீட்டையே காரணமாக ஊகிக்கும். இல்லை என்று நிரூபிப்பது மேல்வீட்டாரின் பொறுப்பு.

எனவே பூஞ்சை அகற்றும் நிறுவனத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், மேல்வீட்டுக் கதவைத் தட்டிக் கசிவைச் சரிசெய்ய ஒரு தேதி வாங்குங்கள். பூஞ்சை வேலைக்கு அதற்கு அடுத்த தேதி.