பைதனும் உம்மும்மாவின் கிதாபும்

உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுத்த எவரும் முதல் கிழமையிலேயே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அ = அ + 1 என்று எழுதச் சொல்வார்கள். கணித பாடத்தில் இப்படி எழுதினால் பூச்சியம்தான் கிடைக்கும். பைதனில் இது சரி. அங்கே அந்தக் குறிக்குப் பொருள் 'சமம்' அல்ல, 'இந்தப் பெறுமானத்தை வைத்துக்கொள்' என்பதே.

இந்த வழக்கம் பைதனுக்குப் பரம்பரையாக வந்தது. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பி.சி.பி.எல். மொழியில் இதற்கு முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த := என்ற குறி இருந்தது. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் அம்மொழியைச் சுருக்கி 'பி' மொழியைச் செய்தபோது, அடிக்கடி எழுத வேண்டிய குறி சின்னதாக இருக்கட்டும் என்று முக்காற்புள்ளியை வெட்டிவிட்டார். 'பி'யிலிருந்து டெனிஸ் ரிச்சி 1972 அளவில் 'சி'யை உருவாக்கினார். 1991இல் கைடோ வான் ரொஸம் பைதனை வெளியிட்டபோது சமக்குறியை 'சி' வழியிலிருந்தும், வரிகளை உள்ளே தள்ளி எழுதும் முறையை ஏ.பி.சி. என்ற வேறொரு மொழியிலிருந்தும் எடுத்துக்கொண்டார். இதற்காகப் பைதனைக் 'கலப்பு மொழி', 'கெட்டுப்போன சி' என்று யாரும் இகழ்வதில்லை.

நாங்கள் வீட்டில் பேசும் தமிழுக்கு மட்டும் அந்தப் பெயர் கிடைக்கிறது. ஒரு பேச்சுப் போட்டியில் நான் 'ஆணம்' என்று சொன்னதற்கு, "குழம்பு என்று நல்ல தமிழில் சொல்லுங்கள், பிள்ளை" என்று நடுவர் திருத்தினார். ஆணம் அகராதியில் உள்ள பழைய தமிழ்ச் சொல். நோன்பு, தொழுகை, பள்ளிவாசல் எல்லாம் எங்கள் முன்னோர் தமிழிலிருந்தே எடுத்துத் தங்கள் மார்க்கத்துக்குப் பொருத்திக்கொண்ட சொற்கள். நடுவர் அமர்ந்திருந்த கதிரையோ போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துத் தாத்தா இன்றும் 'கந்தோர்' என்கிறார். அது ஒல்லாந்தர் சொல். (பைதனைச் செய்தவரும் ஒல்லாந்தர்தான்!) பாண், சப்பாத்து, அலுமாரி இல்லாமல் கொழும்பில் யாராலும் ஒரு நாளைப் பேசி முடிக்க முடியாது. அப்படியிருக்க 'மௌத்', 'பரக்கத்' என்னும்போது மட்டும் ஏன் புருவம் உயர்கிறது?

ஆனாலும் இந்த ஒப்பீடு ஓரிடத்தில் முறிகிறது. செய்நிரல் மொழி ஓய்வு பெறும்போது அறிவித்தல் வரும். பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியுடன் முடியும் என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். 1959இல் தொடங்கிய கோபோல் இன்றும் வங்கிகளில் ஓடுகிறது. அதைப் படித்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறது. மனிதர் எழுதிவந்த ஒரு முறை மறையும்போது அறிவித்தலும் இல்லை, சம்பளமும் இல்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் உம்மும்மா அரபுத் தமிழ் வாசிப்பார். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபில் இல்லாத ட, ப, ங போன்ற ஒலிகளுக்காக இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளியும் கோடும் கூட்டிப் புதிய எழுத்துகள் செய்தார்கள். எ, ஒ இரண்டுக்கும் தனிக் குறிகள் வைத்தார்கள். பழைய மொழியை வீசாமல் தேவைக்கு ஏற்ப விரித்துக்கொள்ளும் இந்த வேலையைத்தான் கணினி வகுப்பில் பெரிதாகப் புகழ்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 'பத்ஹுத் தய்யான்' என்ற மார்க்கச் சட்ட நூலை இந்த எழுத்தில்தான் எழுதினார். பாடசாலைக்கு அனுப்பப்படாத பெண்பிள்ளைகள்கூடக் குர்ஆன் ஓதப் பழகிய எழுத்தைக் கொண்டே தமிழ் வாசித்தார்கள். பெண்கள் கல்லூரியில் படிக்கும் எனக்கு இது சின்ன விசயமாகத் தெரியவில்லை.

என் உம்மாவுக்கு அதை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும். எனக்கு அதுவும் வராது.

"ஆங்கிலமும் ஐ.சி.டி.யும் படிக்கவே நேரமில்லை, இது எதற்கு?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். இனிமேல் எல்லோரும் அரபுத் தமிழில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தமிழ் எழுத்து எங்களுக்குப் போதும். வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே சிலராவது வாசிக்கப் பழக வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கோபோல் தெரிந்தவரை வேறு நாட்டிலிருந்தும் கூப்பிடலாம். கொட்டாஞ்சேனை உம்மும்மாவுக்குப் பதிலாக யாரைக் கூப்பிடுவது?

எங்கள் தமிழ் இலக்கிய மன்றம் இதைச் செய்யலாம். ஆண்டிறுதி விடுமுறையில் ஒவ்வொரு மாணவியும் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கும் கிதாபு ஒன்றை இறக்கி, செல் அரித்த பக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுக்கட்டும். வாசிக்கத் தெரிந்த மூத்தவர் ஒரு பக்கத்தை வாசிக்க, அந்தக் குரலைப் பதிவு செய்யட்டும். அதைக் கேட்டு அதே பக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதட்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நூலின் பெயரோடு வாசித்தவரின் பெயரும் ஊரும் இருக்கட்டும்.